துப்பாக்கி சுமந்தவர்கள்

சாமுவேல் பேக்கரின் இலங்கை வேட்டை நூலை வாசித்தபோது என் கண் யானைகளில் அல்ல, அவர் தரும் துப்பாக்கிப் பட்டியலில்தான் நின்றது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தவர். ஒற்றைக் குழல் இரண்டு, இரட்டைக் குழல் நான்கு என ஆறு வைத்திருந்தார். ஒன்றின் நிறை மட்டும் 21 இறாத்தல்.

இதை வெறும் பகட்டென்று தள்ளிவிட முடியாது. குழல் வாயில் மருந்தும் குண்டும் இட்டு இடித்து நிரப்பும் காலம் அது. நிரப்பி முடிவதற்குள் காயப்பட்ட யானை ஆளின் மேல் வந்துவிடும். ஆகவே அடுத்த வெடிக்கு அடுத்த துப்பாக்கி. ஆறையும் ஒருவர் சுமக்க முடியுமா? எத்தனை துப்பாக்கி என்ற கேள்வி, முதுகுக்குப் பின்னால் எத்தனை பேர் ஓடாமல் நிற்பார்கள் என்ற கேள்வியாகிவிடுகிறது. நிரப்பிய துப்பாக்கியோடு சுமையாள் மரத்தில் ஏறிவிட்டால் பத்துக் குழல் இருந்தும் பயனில்லை. துரைமாரின் வேட்டைக் கதைகளில் சுட்டவரின் புகழ் பக்கம் பக்கமாக வருகிறது. அதே யானையின் முன் நின்று துப்பாக்கியை நீட்டியவருக்கு ஒரு வரி கிடைத்தாலே பெரிது.

எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் நம் சோனகப் பணிக்கர்கள் வருகிறார்கள். தோல் கயிற்றுச் சுருக்கை யானையின் பின்காலில் மாட்டி, இருவராகவே அதைப் பிடித்துவிடுவார்களாம். அவர்களுக்கு ஒரு துப்பாக்கிகூடத் தேவைப்படவில்லை.