அணைக்கு இரண்டு எஜமானர்கள்

தாமிரபரணி வற்றாத நதி என்று பெயர் வாங்கியிருக்கிறதென்றால், அதற்கு மாஞ்சோலைப் பக்கத்து மழையும் ஒரு காரணம். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் அந்தக் காட்டைத் தேயிலைக்குக் குத்தகை விட்டது. மழையை யாராலும் குத்தகை எடுக்க முடியவில்லை. அது மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் கலந்தது.

மலைநீரின் வேகத்தை முதலில் வேலைக்கு வைத்தவர்கள் பாபநாசத்துப் பஞ்சாலைக்காரர்கள். 1944-ல் அங்கேயே அது மின்சாரமாயிற்று. கரி வேண்டாம், புகை கிடையாது. பின்னாளில் கயத்தாற்றில் காற்றும் ஊழியத்துக்கு வந்தது. வானத்தை நம்பி விளக்கேற்றுகிறோம், நல்லதுதான். வானத்தின் சுபாவம் மாறினால்?

அணைக்கு இரண்டு எஜமானர்கள் உண்டு. மின்சாரமும் வயலும் ‘நிரம்பி இரு’ என்கின்றன. வெள்ளமோ ‘இடம் வை’ என்கிறது. பருவமழை ஓயும் நேரத்தில் அணையை நிரப்பிக் கொள்வது பழைய கணக்கு. கடல் சூடேறி, மேகம் கனத்துவிட்ட காலத்தில் அந்தக் கணக்கு உதவவில்லை.

2023 டிசம்பர் 17-ந் தேதி மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்தச் சீமை ஒரு வருஷம் முழுவதும் காணாத மழை! மலையிலும் கொட்டியது. அணைகள் திறந்தன. ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. முதலில் போனது மின்சாரம், கூடவே தொலைபேசி. உதவி கேட்கவும் வழியில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளோடு ரயில் நின்றது. பக்கத்துக் கிராமத்தார் அடுப்பு மூட்டிச் சோறு போட்டார்கள்.

நம் ஜனங்களின் கருணை பெரியது. ஆனால் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. அணையில் கொஞ்சம் காலியிடமும், ஆற்றங்கரை ஊர்களில் தனியாக எரியும் ஒரு விளக்கும் மழைக்கு முன்பே வேண்டும்.