தீப்பொறி வந்த வழி



பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று எத்தனை முறை மிதித்தாலும் உயிர் பெறாமல் நின்றால் என்ன நடக்கும் என்பதை நாம் அறிவோம். ஒருவர் பிளக்கை மாற்றச் சொல்வார். இன்னொருவர் பேட்டரி வாங்கச் சொல்வார். மற்றொருவர் காயில் போய்விட்டது என்பார். மூன்றையும் வாங்கிப் போட்ட பிறகும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்; சம்பளத்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும். இந்த வீண்செலவைத் தவிர்க்க வரலாறு நமக்குத் துணை செய்யும். தீப்பொறி எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால், அது எங்கே நின்றுபோனது என்று தேடுவதும் எளிதாகும்.

1885-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில் டைம்லரும் மைபாக்கும் மரச்சட்டத்தில் இன்ஜின் பொருத்தி ஓர் இருசக்கர வண்டியை உருவாக்கினார்கள். அதில் மின்சாரமே இல்லை. ஒரு சிறு குழாயை விளக்குச் சுடரால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டினால் பெட்ரோல் ஆவியைப் பற்ற வைத்தார்கள். இருக்கையின் கீழே எரிந்த அந்தச் சுடரால், முதல் ஓட்டத்திலேயே இருக்கையில் தீப்பற்றியதாகச் சொல்வார்கள். காற்றடித்தால் சுடர் அணையும். பற்றும் நேரத்தையும் சரியாக அடக்கியாள முடியாது. ஆகவே பொறியாளர்கள் மின்பொறியை நாடினார்கள்.

1902-ஆம் ஆண்டில் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் கோட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னட்டோவை உருவாக்கினார். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் சுழலும்போது மின்சாரம் பிறக்கும். அது உச்சத்தில் இருக்கும் நொடியில் ‘பாயிண்ட்’ என்னும் சிறு தொடுமுனைகள் விலகும். உடனே பல ஆயிரம் வோல்ட் எழுந்து பிளக்கின் முனையில் பொறியாகப் பாயும். இதற்குப் பேட்டரி தேவையில்லை. பேட்டரி செத்துக் கிடந்தாலும் மேக்னட்டோ வண்டி ஓடும். ஆகவே, இத்தகைய வண்டி கிளம்பவில்லை என்று புதிய பேட்டரி வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவதாகும்.

மேக்னட்டோவுக்கும் நோய் உண்டு. காலையில் நன்றாகக் கிளம்பி, சூடேறியதும் நின்று, ஆறிய பிறகு மீண்டும் கிளம்பினால், கண்டென்சர் அல்லது கம்பிச்சுருளின் மீதே முதல் சந்தேகம் விழவேண்டும். பாயிண்ட் விலகும்போது அங்கே வீண்பொறி எழாமல் காப்பது கண்டென்சரின் வேலை. பாயிண்ட் அடிக்கடி கருகினால், அந்தக் காவலன் தளர்ந்துவிட்டான் என்று பொருள்.

பின்னர் பேட்டரியும் காயிலும் சேர்ந்த முறை பரவியது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஸ்பீட் டுவின் 1953-இல் இம்முறைக்கு மாறியது. இந்த வகை வண்டியில் பேட்டரி, ஃபியூஸ், சாவி, எர்த் இணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் பொறியின் பாதையில் நிற்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் இன்ஜின் நிற்கும். அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனைதான் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். இதை அறியாமல் மாற்றிப் பூட்டினால் ரெக்டிஃபையர் கருகிப் போகலாம்.

எளிய மக்களின் வண்டிகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடைத்தது. இன்ஜினின் சுழல்சக்கரத்திலேயே காந்தத்தைப் பதித்துவிட்டார்கள். 1948-இல் வந்த பி.எஸ்.ஏ. பாண்டம், 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப் ஆகியவை இந்த வகை. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார்களை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். நம் மக்கள் ‘கப்சாய்’ என்றழைத்த அந்தச் சிறு மோட்டார்தான் செம்மண் பாதைகளில் பால் வாளியையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தது. இன்றும் பல வீடுகளில் தாத்தாவின் நினைவாக அது நிற்கிறது.

அத்தகைய வண்டி நின்றுவிட்டால் ஒழுங்காகத் தேடுவோம். முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்போம். பிறகு பிளக்கைக் கழற்றி, தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடலை இன்ஜினின் உலோகத்தில் படும்படி வைத்து, ஸ்டார்ட்டரை மிதிப்போம். பிளக்கைக் கையால் பிடிக்கக்கூடாது. அடி பலமாக விழும். பிளக் இருந்த துளையின் அருகிலும் அதை வைக்கக்கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும்.

நீலப்பொறி பளிச்சென்று பாய்ந்தால் குற்றம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. மங்கிய மஞ்சள் பொறியானாலும், பொறியே இல்லாவிட்டாலும், வேறொரு நல்ல பிளக்கை வைத்துப் பார்ப்போம். அடுத்து தொப்பியையும் ஒயரையும் பார்ப்போம். மழைக்குப் பிறகு ஒயரில் மின்சாரம் கசிந்தால், இருட்டில் நீல நிறமாக ஊர்வது கண்ணுக்கே தெரியும். அதன் பின்னரே பாயிண்டைத் துடைத்து இடைவெளியை அளக்க வேண்டும். பல வண்டிகளில் அது 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை இருக்கும். கண்டென்சரும் காயிலும் கடைசியில்தான். விலை குறைந்ததை முதலில் பார்த்து, விலை மிகுந்ததைக் கடைசியில் பார்ப்பதே குடும்பத்துக்கு ஏற்ற முறை.

1969-இல் கவாசாகி எச்-1 வண்டி, பாயிண்ட் இல்லாத மின்னணுப் பற்றவைப்போடு வந்தது. பின்னர் சிறிய வண்டிகளுக்கும் அம்முறை பரவியது. அந்தப் பெட்டி கெட்டால் திறந்து செப்பனிட இயலாது, மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டியோ, பொறுமையாகக் கேட்பவர்களுக்குத் தன் நோயைத் தானே சொல்லும். ஆகவே நேயர்களே, வீட்டில் அத்தகைய வண்டி இருந்தால், பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்குமுன் பிள்ளைகளை அருகில் அழைத்து, தீப்பொறி வந்த வழியை அவர்களே தேடிப் பார்க்கட்டும் என்று விடுவோம். அவர்கள் கற்கும் கைத்தொழிலுக்கு அதுவே முதல் பாடமாகலாம்.