இரண்டு தாய்மார் பேசிக்கொண்டது, சிட்னி கண் டாக்டர் காதில் விழுந்தது

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

நம் பக்கம் ஒரு குழந்தை கண்ணிலோ காதிலோ இதயத்திலோ குறையோடு பிறந்துவிட்டால் முதலில் விசாரணைக்கு வருகிறவள் தாய்தான். கிரகணத்தன்று வெளியே போனாளா, எதைத் தின்றாள், யார் செய்த பாவம், எந்த வழிப் பரம்பரை என்று ஆரம்பித்துவிடுவார்கள். படித்தவர்கள் வீட்டிலும் இது உண்டு. சமீபத்தில் ஒரு கல்யாண வீட்டில் காதால் கேட்டேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

1941. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரம். நார்மன் கிரெக் என்ற கண் டாக்டரிடம் கண்புரையோடு பிறந்த கைக்குழந்தைகள் அடுத்தடுத்து வருகின்றன. கண்புரை கிழவர்களுக்கு வருவது. குழந்தைக்கு வந்தால் பரம்பரைக் குறை என்று அன்றைய டாக்டர்கள் எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் ஒரே ஊரில், ஒரே சமயத்தில், சம்பந்தமில்லாத இத்தனை குடும்பங்களுக்கு எப்படிப் பரம்பரைக் குறை வரும்? கிரெக்கிற்கு அது உறுத்தியது. அந்தப் பிள்ளைகள் எடை குறைந்தும் இருந்தன, பால் குடிக்கத் திணறின. பலருக்கு இதயத்திலும் கோளாறு.

காத்திருப்பு அறையில் இரண்டு தாய்மார் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். 'மாசமாக இருக்கும்போது எனக்கு ஜெர்மன் தட்டம்மை வந்தது, பிள்ளைக்கு அதனால் ஏதாவது ஆகியிருக்குமோ' என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். வேறு டாக்டராக இருந்தால் 'அதெல்லாம் ஒன்றுமில்லை அம்மா' என்று அனுப்பியிருப்பார். இவர் மற்ற தாய்மாரையும் கேட்டார், வெளியூர் டாக்டர்களுக்கும் எழுதிக் கேட்டார். மொத்தம் 78 குழந்தைகள் சேர்ந்தார்கள். அவர்களில் 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில், பெரும்பாலும் ஆரம்ப மாதங்களில், அந்த நோய் வந்திருந்தது. குழந்தைகளின் பிறந்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1940இல் அங்கே ஜெர்மன் தட்டம்மை உச்சத்தில் இருந்த காலத்தில் போய் நிற்கிறது. உலகப் போர் நேரம், ராணுவ முகாம்களில் இளைஞர்கள் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். நோய் பரவச் சொல்ல வேண்டுமா?

1941 அக்டோபரில் மெல்போர்னில் தன் கட்டுரையை வாசித்தார். உலகம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. லண்டனில் இருந்து வரும் புகழ்பெற்ற 'லான்செட்' இதழ் 1944இல்கூட இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று நாள் லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறி கட்டுவது, இவ்வளவுதான் அந்த நோய். பலருக்கு வந்து போனதே தெரியாது. கர்ப்பப்பையும் நஞ்சுக்கொடியும் குழந்தையைக் கோட்டைபோலக் காக்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

இனி நான் சொல்லப்போவது ஆசிரியர்களுக்குப் பிடித்த பகுதி. ஆலிவர் லங்காஸ்டர் என்ற ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளைப் புரட்டினார். 1911 கணக்கில் 10 முதல் 14 வயதுக்குள் காது கேளாதவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். 1921இல் அதே வீக்கம் 20 முதல் 24 வயதுக்கு நகர்ந்திருந்தது. அதாவது ஒரே கூட்டம், பத்து வயது கூடியிருக்கிறது. பிறகு காது கேளாதோர் பள்ளிகளின் பதிவேடுகளை எடுத்துப் பிறந்த தேதிகளைப் பார்த்தார். 1899ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் அந்த நாட்டில் ஜெர்மன் தட்டம்மை பரவியிருந்தது. 1951இல் இதை வெளியிட்டார். அரை நூற்றாண்டாக விடை பதிவேட்டிலேயே இருந்திருக்கிறது பாருங்கள்! சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதியைச் சரியாக எழுதச் சொல்லி நான் ஏன் அவ்வளவு கறாராக இருந்தேன் என்று என்னோடு வேலை பார்த்த இளைய ஆசிரியர்களுக்கு இப்போது புரியும்.

ரூபெல்லா என்பது இதன் மருத்துவப் பெயர். தட்டம்மை வேறு, இது வேறு, வைரஸும் வேறு. கருவில் கண் வில்லை, இதயம், உள்காது எல்லாம் முதல் மூன்று மாதத்தில் உருவாகின்றன. அந்தச் சமயத்தில் வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போனால் அங்கே செல்கள் பெருகுவது தடைபடுகிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வந்தால் பாதிப்பு அபூர்வம்.

அமெரிக்காவில் 1964-65இல் பெரிய அலை ஒன்று வந்தது. சுமார் 20,000 குழந்தைகள் இந்தக் குறைகளோடு பிறந்தார்கள். வைரஸை 1962இல்தான் பிரித்தெடுத்திருந்தார்கள். முதல் தடுப்பூசிக்கு 1969இல் அனுமதி கிடைத்தது. கிரெக் 1966இலேயே காலமாகிவிட்டார். இன்று உலகம் பெரும்பாலும் பயன்படுத்துவது ஸ்டான்லி பிளாட்கின் உருவாக்கிய ஊசி. 2015இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் ரூபெல்லா ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

நம் ஊரில் இது இல்லை என்று நினைக்காதீர்கள். முன்பெல்லாம் நம்மிடையே பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விடும். அப்படி வராமல் வளர்ந்த பெண்களுக்குத்தான் ஆபத்து. ஒரு வயதுக்குள் கண்புரையோடு வந்த குழந்தைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ரூபெல்லாவே காரணம் என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990களில் நடந்த ஆய்வு காட்டியது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. அப்போது வாட்ஸ்அப்பில் என்னென்ன புரளி! எங்கள் பள்ளியிலும் ஊசி நாளன்று பல பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். 'டீச்சர், பின்னாடி பிள்ளை பிறக்காதாமே' என்று ஓர் அம்மா என்னிடமே கேட்டார். பிறக்கப்போகும் பிள்ளைக்காகத்தான் அந்த ஊசியே என்று அவரை உட்காரவைத்து இந்தச் சிட்னிக் கதையைச் சொன்னேன். மறுநாள் மகளை அழைத்து வந்துவிட்டார். எல்லோரும் அப்படி வரவில்லை. அன்று ஊசி போடாமல் விட்ட பெண் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்குத்தான்.

குழந்தைகளுக்கு 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வளர்ந்த பெண்கள் ஊசி போட்டோமா இல்லையா என்று தெரியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுக் கல்யாணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளலாம். போட்ட பிறகு ஒரு மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவர்கள் போடக் கூடாது. பிரசவம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுப்பதற்குத் தடையில்லை.