மணித்தியாலமா, மெகாபாஸ்கலா? புளோரைட்டுக் கறைப் பற்களில் ஒட்டுப்பசையின் ஆயுள்

புளோரைட்டுக் கறை படிந்த பல்லில் ரெசின் அடைப்பு நிலைக்காததற்கு அமிலத்தில் எளிதில் கரையாத எனாமல் மேற்படையே காரணம்; அமிலத்தை இரட்டிப்பு நேரம் வைத்தால் போதும் என்றொரு கருத்து நம் துறையில் வேரூன்றியிருக்கிறது. அது பாதி சரி. விடுபட்ட மறுபாதிதான் அடைப்பைக் கழற்றுகிறது.

அக்கருத்து சான்றுக்கு அழைப்பது மைக்கேல் பியூனோகோரின் 1955ஆம் ஆண்டுக் கட்டுரையை. 85 சதவீதப் பொஸ்போரிக் அமிலம் பட்ட எனாமலில் அக்ரிலிக் நன்றாகப் பிடிக்கும் என்பதே அதிலிருந்து வழிவழியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆனால் அவர் முன்வைத்த முதன்மைச் சான்று பிடிப்பின் விசை அல்ல. உயிருள்ள மனிதரின் முன்பற்களில் அக்ரிலிக் துளிகளை ஒட்டி, அவை எவ்வளவு நேரம் நின்றன என்று கணக்கிட்டார். அமிலம் படாத பல்லில் சராசரியாக ஏறத்தாழ 11 மணித்தியாலம். பட்ட பல்லில் ஏறத்தாழ 1070. எச்சிலும் சாப்பாடும் படும் வாயே அவருடைய சோதனைக்கூடம். பின்வந்தோர் பிடுங்கிய பல்லில் ஒட்டி, 24 மணித்தியாலம் நீரில் வைத்து, கிடைத்த மெகாபாஸ்கலையே ஆயுளாக வாசித்தார்கள். மூலத்தின் அமிலம் தங்கியது, அளவுகோல் தொலைந்தது. அக்கட்டுரையில் அவர் சோதித்தது எனாமலை மட்டுமே என்பதும் கூடவே மறந்துபோனது.

டென்டீனின் கதை வேறு. 1982இல் நாகபயாஷி காட்டிய கலப்புப் படையில் ரெசினைத் தாங்குவது கொலாஜன் நார். அமிலம் ஆழமாகக் கரைத்த இடம் முழுவதும் ரெசின் போய்ச் சேராவிட்டால், அடியில் நாரும் நீரும் வெறுமனே எஞ்சும். டென்டீனிலேயே உறங்கும் நொதிகள் அந்த நாரை மெல்ல அரிக்கின்றன. 2004இல் பாஷ்லி குழுவினர் இதைக் காட்டினர். மறுநாள் அளவீட்டில் இந்த அரிப்புத் தெரியாது. எனாமலுக்காக நீட்டிய நேரம் டென்டீனிலும் வழிந்தால், சேதத்தை நாமே விதைக்கிறோம்.

ஆகவே இரண்டையும் பிரித்து நடத்துவதே முறை. எனாமலின் மேற்படையை மெல்லியதாகச் சுரண்டி, அமிலக் கூழை ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டும். கழுவி உலர்த்தியபின் சுண்ணாம்பு பூசியதுபோல மங்கல் வெண்மை தெரியாமல் இன்னும் பளபளத்தால், அந்த இடத்தில் மீண்டும் வைக்கலாம். டென்டீனில் எம்.டி.பி. கலந்த பசையைத் தேய்த்து, நீர் ஆவியாகக் காற்றடிக்க வேண்டும். எம்.டி.பி. கல்சியத்துடன் சேர்ந்து எளிதில் கரையாத உப்பாகிறது. தவறி அமிலம் பட்டுவிட்டால் 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் அரிப்பைத் தாமதப்படுத்தக்கூடும், தடுத்துவிடாது. கூழ் எப்படியும் வழியும் என்பார்கள். அது கைப்பழக்கத்தின் குறை, முறையின் குறையல்ல.

இது மூல வாசிப்பிலிருந்தும் பொறிமுறையிலிருந்தும் எழும் வாதமே; வன்னி மக்களின் கறைப் பற்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஒப்பீட்டுக்கு ஈடாகாது. கறை, பல் உருவாகும் வயதில் குடித்த நீரால் வருவது; ஆகவே அத்தகைய ஒப்பீட்டில் இன்றைய முகவரியை நம்பக் கூடாது. கடலோரக் கொக்கிளாய் மக்கள் 1984இல் இடம்பெயர்க்கப்பட்டு, போர் முடிந்தபின்பே திரும்பினர். இன்று அங்கே இருப்பவரின் எனாமல் உள்நாட்டுக் கிணற்று நீரில் உருவாகியிருக்கலாம். பற்சிகிச்சை அட்டையில் இருப்பிடத்துக்குக் கீழே இன்னொரு கேள்வி வேண்டும்: எட்டு வயதுவரை எந்த ஊர்த் தண்ணீர் குடித்தீர்கள்?