எண்பது மைல் லட்சியம்

1993 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன், ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று ஸ்தாபனங்களின் தலைவர்களை அருகே நிறுத்திக்கொண்டு, ஒரு காலன் எரிபொருளில் 80 மைல் ஓடும் குடும்பக் காரைச் சுமார் பத்தாண்டுகளில் ஆக்குவதென்று பிரகடனம் செய்தபோது, அதுவரை புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் நிமித்தம் கீரியும் பாம்புமாக இருந்த சர்க்காரும் முதலாளிகளும் ஆராய்ச்சியில் கைகோத்தார்கள்.

2000-இல் ஜெனரல் மோட்டார்ஸ் காட்டிய ‘பிரிசெப்ட்’, காற்றின் தடையைக் குறைக்கும் பொருட்டுப் பக்கக் கண்ணாடிகளையும் களைந்து, அவற்றின் ஸ்தானத்தில் சிறு காமிராக்களைப் பொருத்தி, டீசலும் மின்சாரமும் கலந்த சக்தியால் அந்த லட்சியத்தை எட்டியபோதிலும், விற்பனைக்கு வரவேயில்லை. இக்கூட்டில் சேர்க்கப்படாத டொயோட்டாவோ, 1997 டிசம்பரிலேயே ‘பிரியஸ்’ காரை ஜப்பானில் விற்கத் தொடங்கியிருந்தது. போட்டியாளனை வெளியே நிறுத்தியதே அவனுக்குச் செய்த பேருபகாரம் என்பது என் அபிப்பிராயம். 2002-இல் புஷ் அரசாங்கம் இத்திட்டத்தைக் கைவிட்டு ஹைட்ரஜனை நாடியது.