கையெழுத்து பிரதமருடையது, முடிவு யாருடையது?

2024 ஜூன் 19ஆம் நாள் கோம்பாக்கில் கிழக்குக் கரை ரயில் நிலையப் பணியின் தொடக்க விழா நடந்தது. பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிமுடன் சீனப் பிரதமர் லீ சியாங்கும் கலந்துகொண்டார். கோத்தாபாருவையும் போர்ட் கிள்ளானையும் இணைக்கும் 665 கிலோமீட்டர்த் தடம் அது. இருவருமே பிரதமர்கள். ஆனால் இருவர் பதவியும் ஒன்றுதானா?

இல்லை. நம் நாட்டில் மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு உள்ளவரே பிரதமர். ஆட்சியின் கடிவாளமும் அவர் கையில்தான். சீனாவில் அதிபர் முன்மொழிய, தேசிய மக்கள் பேராயம் ஏற்க, பிரதமர் பதவிக்கு வருகிறார். அமைச்சுகளை நடத்துவதும் பொருளாதாரத்தைக் கவனிப்பதும் அவர் வேலை. ஆனால் நாடு எந்தத் திசையில் போவது என்பதைக் கம்யூனிஸ்டுக் கட்சியே தீர்மானிக்கிறது. கப்பலின் இயந்திர அறை பிரதமருக்கு, சுக்கான் கட்சிக்கு.

இந்த உண்மையை மலேசியா பட்டே அறிந்தது. 1974 மே 31இல் துன் அப்துல் ரசாக்கும் பிரதமர் சூ என்லாயும் பெய்ஜிங்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். தூதரக உறவு மலர்ந்தது. இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்றும் சீன அரசு உறுதி கூறியது. 1949 முதல் பிரதமராக இருந்த சூ என்லாய், புற்றுநோயோடு போராடிக்கொண்டே அதில் கையெழுத்திட்டார். மறுநாளே மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்கும் மேலே கட்சித் தலைவர் மாவோ இருந்தார்.

ஒரே வாரம்தான். ஜூன் 7இல் தேசியக் காவல்துறைத் தலைவர் டான்ஸ்ரீ அப்துல் ரஹ்மான் ஹாஷிம் கோலாலம்பூரில் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். சீனாவின் ஹூனானிலிருந்து ஒலித்த 'மலாயாப் புரட்சியின் குரல்' வானொலியும் ஓயவில்லை. அப்படியானால் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

அரசுக்கும் அரசுக்கும் உள்ள உறவு வேறு, கட்சிக்கும் கட்சிக்கும் உள்ள உறவு வேறு என்பதே பெய்ஜிங்கின் நிலை. சூ என்லாய் இட்ட கையெழுத்து சீன அரசைக் கட்டுப்படுத்தியது, கட்சியைக் கட்டுப்படுத்தவில்லை.

பிறகு அந்த வானொலியை நிறுத்தியது யார்? 1980 டிசம்பரில் டெங் சியோபிங் தம்மை அழைத்து, ஒலிபரப்பை நிறுத்தச் சொன்னதாக மலாயா கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங் தம் நூலில் குறிப்பிடுகிறார். அப்போது பிரதமராக இருந்தவர் சாவ் சியாங். டெங்கின் பலமோ கட்சியில் இருந்தது. 1981 ஜூன் இறுதியில் வானொலி மௌனமானது. 1989 டிசம்பர் 2இல் ஹாட்யாய் உடன்பாட்டோடு ஆயுதப் போராட்டமும் முடிவுக்கு வந்தது.

அன்று மரபாக இருந்தது, இன்று சட்டமாகவே எழுதப்பட்டுள்ளது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட சட்டம், சீன அமைச்சரவை கட்சியின் தலைமையை ஏற்று நடக்க வேண்டும் என்கிறது. பேராயக் கூட்ட முடிவில் ஆண்டுதோறும் பிரதமர் நடத்திவந்த செய்தியாளர் சந்திப்பும் அவ்வாண்டே கைவிடப்பட்டது.

2009 முதல் நம் மிகப் பெரிய வணிகப் பங்காளி சீனாதான். வரும் பிரதமரை வரவேற்போம், ஒப்பந்தமும் செய்வோம். ஆனால் தாளில் உள்ள கையெழுத்தைப் படிக்கும்போது, அதன் பின்னால் நிற்கும் கட்சியையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1974 நமக்குக் கற்றுத் தந்த பாடம் அதுவே.