படத்தைப் பிரிந்தும் வாழ்ந்த இசை



திரைப்படக் கொட்டகையில் விளக்குகள் எரிந்ததும் நாம் நாற்காலியை விட்டு எழுந்து விடுகிறோம். நடித்தவர் முகம் நினைவில் நிற்கிறது. கதை நினைவில் நிற்கிறது. பாட்டு இருந்தால் வீடு சேரும் வரை வாய் அதை முணுமுணுக்கிறது. ஆனால் பாட்டில்லாத இடங்களில் காட்சிக்குப் பின்னே நின்று நம் நெஞ்சை நடத்திச் சென்ற வாத்திய இசையை எத்தனை பேர் நினைவில் வைத்துக்கொள்கிறோம்? அது காட்சிக்கு ஊழியம் செய்துவிட்டுக் காட்சியோடு மறைவது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்த நிலைமை புதிதன்று. பிறர் கருத்தைச் செவ்வனே எடுத்துரைத்துவிட்டால், எடுத்துரைத்தவன் ஒருவன் இருந்தான் என்பதே படிப்பவர்க்குத் தோன்றாது. தோன்றாதிருப்பதுதான் தொழிலின் வெற்றி.

அவ்வாறு மறைந்திருக்க வேண்டிய இசை மறையாமல் நிலைத்த வரலாறு ஒன்று ஜப்பானில் உண்டு. அதன் நாயகர் அகிரா இஃபுகுபே என்னும் இசையமைப்பாளர். அவர் இசை எவ்வாறு ஒலிநாடாவிலும் இசைத்தட்டிலும் தங்கி, தன்னைப் பெற்ற படங்களைத் தாண்டி வாழ்ந்தது என்பதே இன்றைய உரையின் பொருள்.

இஃபுகுபே 1914-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள், ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்காய்டோவில் குஷிரோ என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் பின்னர் ஒட்டோஃபுகே என்னும் சிற்றூரின் தலைவராகப் பொறுப்பேற்றார். அவ்வூர்ப் பக்கத்தில் ஐனு என்னும் ஆதிகுடி மக்கள் வாழ்ந்தனர். அவர்களுடைய பாட்டும் கூத்தும், ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்திச் செல்லும் அவர்கள் முறையும் சிறுவனின் செவியில் பதிந்தன. தலைநகரின் இசைக் கல்லூரி எதிலும் அவர் பயிலவில்லை. சப்போரோ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்றது காட்டியல். வயலின் வாசிப்பதும் இசை எழுதுவதும் தாமே முயன்று கற்றவை.

அந்நாளில் சப்போரோவில் இருந்த இசையார்வலர்க்கு ஐரோப்பாவின் புதிய இசையைக் கொண்டு வந்து சேர்த்தது இசைத்தட்டேயாகும். இஃபுகுபேயும், அவர் தோழர் ஃபுமியோ ஹயாசாகாவும், மியூரா என்னும் மற்றொரு நண்பரும் கூடியிருந்து தட்டுகளைச் சுழலவிட்டுக் கேட்பது வழக்கம். ஜார்ஜ் கோப்லண்ட் என்னும் அமெரிக்கப் பியானோ வித்துவானின் தட்டைக் கேட்டு மகிழ்ந்த மியூரா, அப்போது ஸ்பெயின் நாட்டில் வசித்த அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் கடந்து பதில் வந்தது. தாம் வாசிக்கத்தக்க ஜப்பானிய இசை ஏதேனும் உண்டா என்று கோப்லண்ட் வினவினார். அதற்கு விடையாக 1933-இல் இஃபுகுபே எழுதியதே பியானோவுக்கான அவருடைய இசைக்கோவை. ஸ்பெயினில் மூண்ட உள்நாட்டுப் போர் அக்கடிதத் தொடர்பை அறுத்துவிட்டது. எனினும் ஓர் இசைத்தட்டு ஓர் இசையமைப்பாளரைத் தோற்றுவித்தது என்று சொல்லுதல் மிகையாகாது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ருஷ்ய இசைவாணர் அலெக்சாண்டர் செரெப்னின், ஜப்பானிய இசையமைப்பாளர்க்கென ஒரு பரிசு ஏற்படுத்தினார். 1935-இல் பாரிஸ் நகரில் கூடிய நடுவர்கள், இஃபுகுபேயின் 'ஜப்பானிய ராப்சோடி' என்னும் படைப்புக்கு முதற் பரிசை அளித்தனர். அடுத்த ஆண்டு அது அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அரங்கேறியது. அச்சமயம் அதை எழுதியவரோ, ஹொக்காய்டோவின் கடற்கரையோரத்தில் அக்கேஷி என்னும் இடத்தில் காட்டிலாகா அதிகாரியாக மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

பின்பு உலகப் போர் வந்தது. மரத்தின் நெகிழ்வையும் அதிர்வைத் தாங்கும் வலிமையையும் ஆராயும் பணி அவருக்கு இடப்பட்டது. எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு மரத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் ஈயத்துக்குப் பஞ்சம். ஆதலால் கதிரைத் தடுக்கும் ஈயக் கவசம் இன்றியே அவர் வேலை செய்தார். போர் முடிந்த சிறிது காலத்திலேயே உடல் குலைந்து படுக்கையில் விழுந்தார். கதிர்வீச்சால் நேர்ந்த கேடு அது. அவருடைய தமையனாரும் இவ்வாறே ஆராய்ச்சியில் கதிர்வீச்சுக்கு ஆளாகி 1942-இல் மாண்டவர். நோய்ப் படுக்கையில் கிடந்த இஃபுகுபே ஒருநாள் வானொலியில் கேட்டது, வெற்றி பெற்ற அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் வருகையை அறிவித்த ஒலிபரப்பு. அதில் முழங்கிய அணிவகுப்பு இசையோ, போர்க்காலத்தில் அவரே இயற்றியது! யாருக்காக எழுதினோம், யாரை வரவேற்க ஒலிக்கிறது என்று அவர் திகைத்தார். இசை தன்னை எழுதியவரின் கையைவிட்டு நீங்கி எங்கெல்லாம் செல்லக்கூடும் என்பதை அன்றே அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

காட்டு வேலை இனி இயலாது. 1946-இல் டோக்கியோ சென்று இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். அடுத்த ஆண்டு செங்கிச்சி தனிகுச்சி இயக்கிய 'வெள்ளி மலைச் சிகரங்களின் அப்பால்' என்னும் பொருள் தரும் பெயருடைய படத்துக்கு இசையமைத்தார். அதுவே அவருடைய முதற்படம். தோஷிரோ மிஃபுனே என்னும் நடிகருக்கும் அதுவே முதற்படம். அன்று தொடங்கி 250-க்கும் மேற்பட்ட படங்களுக்கு அவர் இசை தந்தார். ஹிரோஷிமாவின் துயரைக் கூறிய கானெதோ ஷிண்டோவின் படத்துக்கு 1952-இலும், பர்மாப் போர்க்களத்தில் மடிந்தவரைப் புதைப்பதற்காகத் துறவு பூண்ட போர்வீரனின் கதையான கோன் இச்சிகாவாவின் 'பர்மிய யாழ்' படத்துக்கு 1956-இலும் இசையமைத்தவர் அவரே.

ஆயினும் அவர் பெயரை உலகறியச் செய்த ஆண்டு 1954. அவ்வாண்டு மார்ச் மாதம் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், கடலில் இருந்த ஜப்பானியப் படகொன்றின் மீது விழுந்தது. 23 மீனவர் நோயுற்றனர். அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா' வெளிவந்தது. குண்டு வெடிப்பினால் விழித்தெழுந்த கடல் விலங்கு டோக்கியோவை அழிக்கும் கதை அது. பிற்காலத்தில் உலகம் அதனைக் காட்ஸில்லா என்று அழைத்தது. பூதப் படத்துக்கு இசையமைத்தால் பெயர் கெடும் என்று எச்சரித்தவர் இருந்தனர். கதிர்வீச்சின் கொடுமையைத் தம் உடம்பிலேயே அறிந்தவர் இஃபுகுபே. அவர் ஒப்புக்கொண்டார்.

அவ்விலங்கின் கர்ஜனை எந்த மிருகத்தின் குரலும் அன்று. டபிள் பாஸ் என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தின் தந்தியைத் தளர்த்தி, குங்கிலியம் தடவிய தோலுறையால் அதை உராய்ந்து, எழுந்த ஒலியைப் பதிவு செய்து, அதன் வேகத்தை மாற்றி உண்டாக்கிய குரல் அது. இசைக் கருவியே விலங்காகி ஓலமிடுகிறது. அழிவு முடிந்த பின்னர்க் காயமுற்றோர் நிறைந்த மருத்துவமனையைக் காட்டும் காட்சியும், மாணவியர் பலர் கூடிப் பாடும் அமைதிப் பிரார்த்தனையும் வருகின்றன. படத்தில் அப்பாடல் ஒலிபரப்பாகிறது. தான் கண்டுபிடித்த பயங்கர ஆயுதத்தை வெளியிட மறுத்த விஞ்ஞானி, அதைக் கேட்ட பின்புதான் மனம் இளகுகிறான். வாதத்தால் இசையாத நெஞ்சை இசை வென்றது என்பது கதையின் உட்பொருள்.

இதே 1954-இல்தான் சப்போரோத் தோழர் ஹயாசாகா, அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்' படத்துக்கு இசையமைத்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து கேட்ட இரு இளைஞர், ஒரே ஆண்டில் ஜப்பானியத் திரையின் இரு பெரும் படங்களுக்கு ஒலி தந்தனர். மறு ஆண்டே ஹயாசாகா, 41-ஆம் வயதில் காலமானார்.

இனி, பதிவுகளின் கதைக்கு வருவோம். படத்தின் வாத்திய இசை நாடாவில் பதியப்பட்டு, படத்தோடு இணைக்கப்பட்டதும் அதன் கடமை முடிந்துவிடும். தனித்துக் கேட்கும் பொருளாக அதை யாரும் அன்று கருதவில்லை. திரையிசை படத்தின் ஓர் உறுப்பு. உறுப்பை அறுத்துத் தனியே வைத்தால் அதற்கு உயிர் ஏது என்ற கருத்து இஃபுகுபேயிடமும் இருந்தது. அக்கருத்தில் நியாயமும் உண்டு.

ஆனால் கேட்டவர்கள் வேறு விதமாக எண்ணினார்கள். சிறுவராய்க் கொட்டகையில் அமர்ந்து அஞ்சி நடுங்கியவர்கள் 1970-களில் வளர்ந்த மனிதராயினர். விலங்கின் உருவம் ரப்பர் உறை என்று தெரிந்த பின்பும், அந்த இசை அவர்களை விட்டு அகலவில்லை. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நிலையத்து நாடாக்களிலிருந்து நீண்ட நேர இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கின. பெரும் வாத்தியக் குழுவின் அரங்கமும் விரைவில் கதவு திறந்தது. 1983 ஆகஸ்டில், தம் படங்களின் இசையைத் தொகுத்து இஃபுகுபே அமைத்த மூன்று 'சிம்பொனிக் ஃபான்டசியா'க்களை டோக்கியோ சிம்பொனிக் குழு வாசித்தது. அந்நிகழ்ச்சியும் தட்டாக வெளிவந்தது.

தட்டுகள் பெருகியபோது மற்றோர் உண்மையும் கேட்பவர்க்குப் புலனாயிற்று. கோஜிராவோடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்த அந்த அழுத்தமான மெட்டு, 1948-இல் வயலினுக்கென அவர் எழுதிய கச்சேரிப் படைப்பிலேயே இருந்தது! ஐனு மக்களின் நடனமொன்றின் பெயரைத் தாங்கிய 'சிம்ஃபோனியா தப்காரா'வும் அதே 1954-இல் எழுதப்பட்டதே. படத்துக்கு எழுதும் கை வேறு, அரங்கத்துக்கு எழுதும் கை வேறு என்று பிரித்துப் பேசியவர்க்கு இசைத்தட்டே விடை கூறிவிட்டது.

நம் நாட்டுக்கு நெருங்கிய செய்தி ஒன்றும் உண்டு. 1961-இல் புத்தர் பெருமானின் வாழ்க்கையைக் கூறும் 'ஷாகா' என்னும் படத்தைக் கெஞ்ஜி மிசுமி இயக்கினார். அதற்கும் இசை இஃபுகுபே. அவ்விசையின் நினைவு அவரை விடவில்லை. ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 1989-இல், பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் 'ஷாகா' என்ற பெரும்படைப்பை உருவாக்கினார். கபிலவஸ்துவில் சித்தார்த்தர், புத்தகயையில் மாரனை வெல்லுதல், இறுதியில் துதி என மூன்று பகுதிகளாக அது அமைந்தது. இதுவும் பதிவாகியிருக்கிறது. பாட்னாவிலோ கயையிலோ வேலை பார்க்கும் தமிழர், தம் வாசலுக்கு அருகே நடந்த ஒரு நிகழ்ச்சி வடதிசைத் தீவொன்றில் பிறந்தவரின் நெஞ்சில் எவ்வாறு ஒலித்தது என்பதைக் கேட்டறியலாம்.

வானொலியில் பேசும் நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியும் ஒன்று இருக்கிறது. 1942-இல் அரங்கேறிய அவருடைய பியானோப் படைப்பு ஒன்று, போரில் அழிந்தது என்றே கருதப்பட்டது. 1997-இல், ஜப்பானின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே.யின் காப்பகத்தில் அதன் வாத்தியப் பகுதிகளுக்கான குறிப்புகள் கிடைத்தன. 55 ஆண்டு அலமாரியில் உறங்கிய இசை மீண்டும் எழுந்து பதிவாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்பே, 1995-இல், ஜப்பான் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு அவருடைய படைப்புகளை வரிசையாகப் பதிவு செய்யும் பணியைக் கிங் நிறுவனம் தொடங்கியிருந்தது. 2004-இல் ருஷ்ய ஃபில்ஹார்மோனிக் குழு வாசித்த குறுந்தகடொன்றை நாக்ஸோஸ் நிறுவனம் வெளியிட்டது. அவற்றையெல்லாம் கண்டும் கேட்டும் மகிழ்ந்த பின்னர், 2006 பிப்ரவரி 8-ஆம் நாள், 91-ஆம் வயதில் இஃபுகுபே டோக்கியோவில் மறைந்தார்.

அவருக்குப் பின்னும் கதை முடியவில்லை. 2016-இல் 'ஷின் கோஜிரா' என்னும் புதிய படத்தை ஹிதெயாகி அன்னோ எடுத்தபோது, பழைய இசையைப் புதிய கருவிகளால் இருவழி ஒலியில் மறுபடி வாசித்துப் பார்த்தனர். எல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆயினும் இயக்குநர் அதனை ஒதுக்கிவிட்டு, அக்காலத்து ஒருவழி ஒலிப்பதிவையே படத்தில் அமைத்தார். அன்றைய கூடத்தின் காற்றையும், அன்று வாசித்தவரின் மூச்சையும் புதிதாகச் செய்ய எவராலும் முடியாது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் போலவே ஒலிப்பதிவும் வரலாற்றுச் சான்று. ஒருமுறை அழித்துவிட்டால் மீளாது. நேயர்களில் சிலர் வீட்டுப் பரணில், ஊரை விட்டு வரும்போது கொணர்ந்த இசைத்தட்டுப் பெட்டி இருக்கக்கூடும். அதைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை துடைத்துக் கேட்டுப் பாருங்கள். யாருடைய உழைப்பு அதில் உறங்குகிறதோ, நாம் அறியோம்.